தங்கை சொன்ன 'நாங்க'

சுண்ணாம்பக்காவுக்குத் தன் தங்கை மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. சாதாரண வயிற்றெரிச்சல் இல்லை. வாயில் வைத்த சோறு இறங்காத அளவுக்கு வயிற்றெரிச்சல்.

எல்லாரும் விட்டுப்போய் ஆளரவமில்லாமல் கிடந்த ஓர் ஊருக்கு ஐந்து வருடம் முன்பு குடிவந்த ஏழு குடும்பங்களில் அக்காவுடையதும் ஒன்று. வந்த புதிதில் தெருவில் முள்ளும் பாம்பும்தான். ஒரே சமையலறை, ஒரே கிணறு, எல்லா வேலையும் எல்லாருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பேச்சென்னவோ அப்படித்தான். சுண்ணாம்பு குழைப்பது மட்டும் எப்படியோ அக்கா தலையில் விழுந்தது. இடிந்த வீடுகளில் நான்கை விருந்தினர் வீடுகளாக்கியபோது சுவர் அத்தனையும் அவள் பூசியது. கட்டைவிரல் ரேகை தேய்ந்து, அவள் போனே அவளை யாரென்று கேட்கிறது.

கிணறு தாங்காது என்பதால் ஒரு தடவைக்கு எட்டு விருந்தினர்தான். அவர்களும் காலையில் ஒரு மணி நேரம் ஏதாவது வேலை செய்தாக வேண்டும். மிச்ச நேரத்தில் அக்கா அவர்களை அழைத்துப் போய் ஊரைச் சுற்றிக் காட்டுவாள். அவளுக்கு அதுதான் உயிர். தான் பூசிய சுவரைத் தானே தட்டிக் காட்டும் சுகம் வேறெதில் வரும்?

அதற்குத்தான் வேட்டு விழுந்தது. ஆறு மாதம் முன்பு, துணிக்கடையில் வேலை பார்த்த தங்கையை இங்கே கூட்டிவந்தது அக்காவேதான். பத்துப் புடவையைப் பிரித்துப்போட்டுப் பதினோராவதை விற்கிற வாய் தங்கைக்கு. வந்த மறுவாரமே, "அந்தச் சின்னவங்க வரட்டுமே" என்று விருந்தினரே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் பிடுங்கவில்லை. வேலை தானாகக் கைமாறியது.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். போன வாரம் ஏணி மேல் நின்று பூசிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விருந்தாளிப் பெண்ணின் குரல் கேட்டது.

"சுவர் என்ன இப்படி வழவழன்னு இருக்கு? யாருங்க பூசினது?"

"நாங்கதாங்க," என்றாள் தங்கை.

நாங்களாம். சுண்ணாம்பு வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றித் தந்ததில்லை மகராசி. அக்காவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊரில் ஒரு விதி உண்டு. புதிதாக வந்தவர் ஆறு மாதம் இருந்து பார்க்கலாம். அதன் பிறகு கூட்டத்தில் ஒவ்வொருவரும் 'இருக்கட்டும்' என்று சொன்னால் நிரந்தரம். வேண்டாம் என்பவர் சும்மா இருந்தால் போதும், காரணம் கேட்கக் கூடாது. முதல் வருடம் காரணம் கேட்டுக் கேட்டே அடிதடி வரை போனதில் பிறந்த விதி அது. கூட்டிவந்தவர் கடைசியில் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியம், பழைய பள்ளிக்கூடத்தில் தங்கைக்கான கூட்டம். தச்சர் தலைமை. எல்லாரும் வரிசையாக "இருக்கட்டும்" என்றார்கள். சமையல்காரர் இரண்டு தடவை சொன்னார். அக்காவின் கணவனும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். அவனை வீட்டில் கவனித்துக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டாள்.

அவள் முறை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆத்திரத்தில் கண்ணீர் முட்டி, கன்னத்தில் வழிந்தது. ஊரே அதைப் பார்த்தது. முதல் வீட்டுக்குக் கூரை ஏறிய அன்றும் அக்கா இப்படித்தான் பேச்சு வராமல் நின்று அழுதாள்.

"பாவம், சந்தோஷத்துல தொண்டை அடைச்சிருச்சு," என்றார் தச்சர். "அப்ப எல்லாரும் சரின்னுட்டாங்க. முடிஞ்சுது."

கைதட்டினார்கள். அக்கா திகைத்துப் போனாள். வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"நீ வேணாம்னுதான் சொன்னன்னு எனக்குத் தெரியும்கா," என்றாள் மெல்ல. "ஆனா நான் போகமாட்டேன். வேலையை விட்டாச்சு, வாடகை வீட்டையும் காலி பண்ணியாச்சு. எனக்குப் போறதுக்கு வேற இடமில்ல."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பேசுகிறவள் இதை மட்டும் ஆறு மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாழாய்ப்போன பொறாமை அப்போதும் இறங்கித் தொலையவில்லை. ஆனால் கூடவே வெட்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தச்சரே, இருங்க," என்று எழுந்தாள். "நான் இன்னும் சொல்லவே இல்ல. அழுதது சந்தோஷத்துல இல்ல."

எழுந்து கிளம்பிய தச்சர் மறுபடி உட்கார்ந்தார்.

"அவ இருக்கட்டும். ஆனா ஊர் சுத்திக் காட்டற வேலையில பாதி எனக்கு வேணும். பொறாமையிலதான் கேக்கறேன்."

வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"பாதியெல்லாம் முடியாதுக்கா. வாரத்துல ரெண்டு நாள் எடுத்துக்க."

"மூணு," என்றாள் அக்கா.