பிரீமியம் நியாயம்தான், காக்கா

மீரா சாகிப் தங்கை வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் கழற்றுவதில்லை. வாடகை வீட்டுக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்திருப்பார். அன்றைக்குக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று பர்வினுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடினாள்.

“இன்னும் புஸ்தகந்தானா? இருக்குற கண்ணும் போயிரும், புள்ள.”

“சொல்லுங்க காக்கா.” அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். “வீட்டு இன்சூரன்சு. இந்த வருஷம் பத்தாயிரத்து முப்பது ரூவா கட்டச் சொல்றான். ஒம்பது வருஷமா ஏத்திக்கிட்டே போறான். ஏஜெண்டு துரைராசைக் கேட்டா, நியாயமான பிரீமியந்தான் பாய்ங்கிறான். அவன் கமிஷன் வாங்குறவன், வேற என்ன சொல்லுவான்? நீதான் மன்னார்குடி இன்சூரன்சு ஆபீசுல இருபத்திரண்டு வருஷம் இதையே தட்டிக்கிட்டு இருந்தவ. நியாயமா இல்லையான்னு பாத்துச் சொல்லு.”

பர்வின் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உடனே திறக்கவில்லை. மேட்டூர் நிரம்பியும் முத்துப்பேட்டைக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத ஆவணி மாதம். தெருவில் புழுதி பறந்தது.

அந்த வீடு.

அவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். ஆண்பிள்ளைகள் அவரவர் மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பர்வினின் நிக்காஹ் அன்று வாப்பா சபையில் வைத்துச் சொன்னார், தெற்குத் தெரு வீடு என் மகளுக்கு என்று. சொன்னதோடு சரி, எழுதி வைக்கவில்லை. மூன்றாம் வருடம் மவுத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டார்.

தொண்ணூற்று மூன்றில் மீரா சாகிப் ரியாதிலிருந்து லீவில் வந்தார். ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடாகக் கட்டித் தருகிறேன், உன் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். பர்வின் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எங்க போடணும் காக்கா?” அவர் விரலை வைத்துக் காட்டினார். அது விடுதலைப் பத்திரம். வாப்பா சொத்தில் எனக்குப் பாத்தியதை எதுவும் இல்லை என்று அவளே எழுதிக் கொடுத்ததாக இருந்தது.

வீடு எழும்பியது. முகப்பில் பளிங்குக் கல்லில் அவர் பெயர் மட்டும் இருந்தது. குடிபுகுந்த விருந்தில், இது என் வீடில்லையா என்று அவள் கேட்டபோது, பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “எங்க போடணும்னுதானே கேட்டே? என்ன பத்திரம்னு நீ கேக்கவே இல்லையே!” பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கணவர் நெய்னா முகம்மதும் சிரித்தார். வீடில்லாத பெண்ணிடம் மாப்பிள்ளை எங்கே வந்து தங்குவது? வாடகை வீட்டில் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு அவர் புருணைக்குப் போனார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு அங்கேயே ஒருத்தியை நிக்காஹ் செய்துகொண்ட செய்தி வந்தது. பர்வின் டைப்பிங் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதன்பிறகு அவள் எந்தக் காகிதத்தையும் முழுதாகப் படிக்காமல் கீழே வைத்ததில்லை.

இப்போது உறையைத் திறந்து படித்தாள். மீரா சாகிப் விசிறிக்கொண்டு காத்திருந்தார். கால்மணி நேரம் ஆனது.

“எண்பத்தஞ்சு லட்சம்னு போட்டிருக்கே. யாரு சொன்ன மதிப்பு?”

“நாந்தான் சொன்னேன். மெயின் ரோட்டுக்குப் பக்கத்துல எட்டு சென்ட்டு. இன்னிக்கு வித்தா அதுக்கு மேலேயே போவும்.” குரலில் பெருமை இருந்தது.

“மண்ணுக்கும் சேத்து இன்சூரன்சு கட்டுறீங்க, காக்கா. மண்ணு தீப்புடிக்குமா? இல்ல, புயல் வந்து சுருட்டிக்கிட்டுப் போயிருமா? இடிஞ்சா திருப்பிக் கட்ட என்ன ஆகுமோ அதுக்குத்தான் கட்டணும். உங்க வீட்டுக்கு நாப்பத்தஞ்சு லட்சம் தாராளம். ரேட்டு ஆயிரத்துக்கு ஒரு ரூவா, அது நியாயம்தான். வரியோட அய்யாயிரத்து முந்நூத்திப் பத்து. அதுக்கு மேல ஒரு ரூவா குடுக்காதீங்க.”

“அப்ப ஒம்பது வருஷமா அந்தப் பய என்னை மொட்டையடிச்சிருக்கான்!”

“அவன் மட்டுமா? நீங்க சொன்ன மதிப்பை அவன் எழுதிக்கிட்டான்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாதிக்குப் பாதி மிச்சம். பர்வின் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கே அவள் கண் வெகுநேரம் நின்றது. காப்பீடு செய்தவர், கட்டடத்தின் உரிமையாளர் என்ற இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர்: மீரா சாகிப்.

வீடு அவருடையது இல்லை. ஏழு வருடத்துக்கு முன்பு மகள் ஆசியாவின் நிக்காஹ்வுக்கு முதல்நாள் அவர் தானப் பத்திரம் எழுதி, முறையாகப் பதிவு செய்து, சபையில் எடுத்து வாசித்தார். தெற்குத் தெரு வீடு என் மகளுக்கு. பர்வின் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கைக்கு இல்லாத வழக்கம் மகளுக்கு வந்திருந்தது. பாலிசியை மட்டும் பழைய பெயரிலேயே வருடாவருடம் புதுப்பித்திருக்கிறார். கட்டியவன் நான், காசு என்னுடையது, பிறகு யார் பெயரில் இருக்கும் என்ற எண்ணம். உரிமை இல்லாதவருக்கு நஷ்டம் இல்லை. நஷ்டம் இல்லாதவருக்கு ஈடும் இல்லை. ஆபீசில் இப்படித் திருப்பி அனுப்பிய கடிதங்களை அவள் தன் கையாலேயே தட்டியிருக்கிறாள்.

திருத்துவது பெரிய வேலையும் இல்லை. வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி, பத்திர நகலை இணைத்துக் கொடுத்தால் போதும். காசுகூட ஆகாது.

“வேற ஒண்ணும் இல்லையே?” என்றார் மீரா சாகிப், எழுந்தபடியே.

பர்வின் அவர் முகத்தைப் பார்த்தாள். முகப்புப் பளிங்கு, பிரியாணித் தட்டு, பந்திச் சிரிப்பு எல்லாம் அந்த முகத்தில் அப்படியே இருந்தன. இருபத்தைந்து வருடத்தில் தாடி மட்டுந்தான் வெளுத்திருந்தது. பதில் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி வந்து, நின்று, கிளம்பிப் போயே போய்விட்டது.

“பிரீமியம் நியாயம்தானான்னு கேட்டீங்க. இப்ப நியாயம்தான், காக்கா.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தெருமுனை வரை சிரிப்பு கேட்டது.

ஹஜ் பெருநாளுக்கு ஆசியா குர்பானிக் கறி கொண்டுவந்தாள். “மாமி, வாப்பா உங்களைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க. எங்க பர்வின் மாதிரி படிச்சவ இந்த ஊர்லயே இல்லையாம்.” சொல்வதென்றால் அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். பர்வின் பாத்திரத்தைக் கழுவி, சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஆசியா படியிறங்கும்போது உதட்டுவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது தனக்கும் இவள் வயதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு வசதியாக இருந்தது.

ஐப்பசிக் கடைசியில் கஜா புயல் வந்தது. விடிந்தபோது ஊரில் தென்னை என்று நின்றிருந்தவை பெரும்பாலும் படுத்திருந்தன. தெற்குத் தெரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு தென்னைகள் விழுந்து தளத்தை உடைத்திருந்தன. கைப்பிடிச் சுவர் கீழே நின்ற காரின் மேல் கிடந்தது. மழை மாடிப்படி வழியாக இறங்கி அலமாரி, மெத்தை, வயரிங் எதையும் விட்டுவைக்கவில்லை. பத்து லட்சத்துக்குக் குறையாது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மீரா சாகிப் கலங்கவில்லை. “இன்சூரன்சு இருக்கு. நம்ம தங்கச்சி பாத்துக் குடுத்தது,” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது பர்வின் காதுக்கும் வந்தது. அவளுடைய வாடகை வீட்டில் நாலு ஓடு பறந்திருந்தது. வீட்டுக்காரர் ஆள் வைத்து மாற்றிவிட்டார்.

தை மாதம் அவர் மறுபடி வந்தார். செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு கடிதம்.

“தர முடியாதுங்கிறான், பர்வின். வீடு என் பேர்ல இல்லையாம்.”

“ஆமா. ஆசியா பேர்லல்ல இருக்கு.”

“நீ அன்னிக்குப் படிச்சியே, பேரைப் பாக்கலையா?”

“பாத்தேன்.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவசரப்படவில்லை. இந்த அமைதிக்காக அவள் நெடுங்காலம் காத்திருந்தவள். அது முழுதாக முடியட்டும் என்று விட்டாள்.

“பாத்துட்டு, சொல்லலையே?”

“பிரீமியம் நியாயமான்னுதானே கேட்டீங்க? வீடு யாரு பேர்ல இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்தபோது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது என் மவ வீடுடி,” என்றார் மெதுவாக. “புள்ளையை வச்சுக்கிட்டுத் தார்ப்பாய்க்கு அடியில கெடக்குறா.”

“அது முன்னாடியும் ஒரு மவளுக்குன்னு சொன்ன வீடுதான், காக்கா.”

கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. அதை எடுத்து நீட்டினார். “இதுல கையெழுத்துப் போட்டா இந்த வருஷம் கட்டுனதைத் திருப்பித் தர்றானாம்.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார்.

“என்னன்னு எழுதியிருக்கு?”

பர்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள். ஒரு வரி விடாமல், ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ‘மேற்படி வீட்டில் எனக்குப் பாத்தியதை எதுவும் இல்லை’ என்ற வரி வந்தபோது தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

கடைசியில் விரலை வைத்து இடத்தைக் காட்டினாள்.