ஐம்பதில் ஐம்பது

கெடிலக்கரை கிரிக்கெட் கிளப்பின் செயலாளர் கார்த்திகேசனுக்கு உலகத்திலுள்ள எல்லா ஆட்டக்காரர்களின் பிறந்தநாளும் மனப்பாடம். விடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் போட்டுவிடுவார். மட்டையைப் பிடிப்பது ஒன்றுதான் வராது. சச்சின் தன் இருபத்தைந்தாவது பிறந்தநாளில் ஷார்ஜாவில் சதம் அடித்த கதையை அவர் வாயால் கேட்காதவர் கடலூரில் குறைவு. தனக்கு ஐம்பது வயதாகும் நாளில் ஐம்பது ரன் எடுப்பதென்று அவர் அறிவித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மாவட்ட லீகில் எந்த அணி ஆடலாம் என்று முடிவு செய்பவர் அவர்தான்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஞாயிறு காலை ஆட்டம். 'ஐம்பதில் ஐம்பது' என்று முந்தின நாளே பிளெக்ஸ் கட்டியாயிற்று. எதிரணி சிதம்பரம். ஓர் ஆள் குறைந்ததால் அதன் கேப்டன் எழிலன், நித்யா மேரியை அழைத்து வந்திருந்தான். பள்ளியில் பி.டி. டீச்சர், மாவட்டப் பெண்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர்.

"சாருக்கு மட்டும் மெதுவா போடுங்க மேடம். நம்ம டீமு அவுரு கையிலதான் இருக்கு."

"மெதுவா போடவா கிள்ளையிலேர்ந்து அஞ்சு மணி பஸ்ஸ புடிச்சி வந்தேன்?"

அவளுடைய இரண்டாவது பந்தே நடு ஸ்டம்பைச் சாய்த்தது. "நோ பால்!" என்றார் அம்பயர் சுப்பராயலு. அவரை அம்பயராக்கியதே கார்த்திகேசன்தான். அடுத்த ஓவரில் பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போன சத்தம் டீக்கடை வரை கேட்டது. சுப்பராயலுவுக்குக் கேட்கவில்லை. ஸ்டம்புக்கு நேராகக் காலில் வாங்கியதை, "ஒசரமா போச்சும்மா" என்றார். நான்காவது முறை ஸ்டம்பு மேலிருந்த பெயில் விழுந்தது காற்றினாலாம். ஐந்தாவது முறை ஸ்டம்பே பிடுங்கிக்கொண்டு பறந்தது. "டெட் பால். நான் ரெடியாவல!" என்றார் அம்பயர்.

மறுமுனையில் மற்றவர்கள் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் பந்து போட்டார்கள். கடைசி ஓவரில், காலில் பட்டு ஓடிய பந்தையும் அவர் ரன்னாகச் சேர்த்து ஐம்பது வந்தது. கார்த்திகேசன் ஹெல்மெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்தார். பட்டாசு வெடித்தது. கேக் வந்தது.

அப்போது நித்யா மேரி, அம்பயர் கையிலிருந்த பந்தை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்து உயர்த்திக் காட்டினாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் கார்த்திகேசன், கையில் கேக் கத்தியோடு.

"அஞ்சு விக்கெட் எடுத்தா அந்தப் பந்து போட்டவங்களுக்குத்தான சார். எனக்கு இதான் மொத தடவ. அஞ்சும் நீங்கதான்."

முதலில் சிரித்தது ஸ்கோர் எழுதியவர். பிறகு எழிலன். பிறகு இரண்டு அணியும். கார்த்திகேசன் கேக்கை வெட்டினார். யாரும் கை தட்டவில்லை. பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் வந்த லீக் பட்டியலில் சிதம்பரம் அணி இல்லை. எழிலன் மறுநாள் புதுச்சேரிப் பக்கம் நடக்கும் இன்னொரு லீகுக்கு மனு எழுதினான். ஆட்டக்காரர் பட்டியலில் முதல் பெயராக நித்யா மேரியைப் போட்டான்.