கூடவே வரும் மேகம்

வானியல் உலகம் இன்று ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பைச் சந்தித்துவிட்டது என்று மகன் வாசலில் நின்று போனில் அறிவித்துக்கொண்டிருந்தான். உள்ளே, அந்த இழப்பின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட முடியாமல் அவர் மனைவி திணறிக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டுகிறது என்று அவர் அந்தப் பொத்தானை எந்நாளும் போட்டதில்லை. இப்போது அந்தக் கவலை இல்லை. ஆனாலும் பொத்தான் ஒத்துழைக்கவில்லை.

"விடுங்க அண்ணி. மேல பூவை வெச்சா மறைஞ்சுடும்" என்றார் கொழுந்தனார்.

இறந்தவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். அது வயிற்றுக்கு. மற்றபடி அவர் வானியல் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் வேறு உறுப்பினர்கள் இல்லாததால் தேர்தலில் ஒருபோதும் சச்சரவு வந்ததில்லை. கொஞ்ச காலம் கொழுந்தனார் செயலாளராக இருந்தார். கொசுக்கடி தாங்காமல் ராஜினாமா செய்துவிட்டார்.

சங்கத்தின் சாதனை என்று ஒன்று உண்டு. மாடியிலிருந்த தன் தொலைநோக்கியில், நிலாவை ஒட்டினாற்போல் ஒரு மேகத்தைத் தலைவர் கண்டுபிடித்திருந்தார். ஒட்டடையைப் பிய்த்து ஒட்டியதுபோல் வெளிறிய மேகம். காற்றில் கலையாது. நிலாவை எப்போது பார்த்தாலும் கூடவே வரும். உலகத்தில் வேறெவரும் அதைப் பார்த்ததில்லை என்பதே அது புதியது என்பதற்கு ஆதாரம். பெரிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்றுக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. வயிற்றெரிச்சல் என்று விட்டுவிட்டார்.

மேகத்துக்கு மனைவியின் பெயரை வைத்தார்.

"உன் பேரை வானத்துல வெச்சுட்டேன்" என்று அவர் சமையலறை வாசலில் வந்து நின்றபோது அவள், "குக்கர் எத்தனை விசில் விட்டுச்சுன்னு கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். ஆனால் நாத்தனார் புது வீடு கட்டி அதற்குத் தன் பெயரையே வைத்து, அந்தப் பலகையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது, "நல்லா இருக்கு. நமக்கெல்லாம் மேகம் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று இரவு நாத்தனார் சாப்பிடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

தொலைநோக்கியில் மட்டும் அவள் கண்ணை வைத்ததே இல்லை. மாடிப்படி ஏறினால் முட்டி வலி. தவிரவும், அவளும் பார்த்துத் தொலைத்துவிட்டால் மனிதர் அப்புறம் யாரிடம் போய் வர்ணிப்பார்?

மத்தியானம் ஓர் ஆள் வந்தார். வாசலில் கிடந்த செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தவரைக் கொழுந்தனார் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிவந்து, நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். வந்தவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவளருகே குனிந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நான் பல் டாக்டர். சார் டெலஸ்கோப்பை விக்கிறதா சொன்னார். இன்னைக்கு வந்து பாக்கச் சொன்னதே அவர்தான். நான் இன்னொரு நாள் வரேனே..."

"அவரா? விக்கிறேன்னு சொன்னாரா?"

"ஆமாம்மா."

காலையில் அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தபோதுகூட அவளுக்கு இப்படி இருந்ததில்லை. எழுந்தாள். "வாங்க, பாத்துட்டே போயிடுங்க" என்று படியேறினாள். துக்க வீட்டில் யாரை எதற்கு மாடிக்குக் கூட்டிப்போகிறாள் என்று கேட்கும் தைரியம் எவருக்கும் வரவில்லை.

மாடி அறையில், மூன்று கால்களில் அது நின்றது. பல் டாக்டர் முன்பக்க மூடியைக் கழற்றினார். கண் வைக்கும் பக்கத்திலிருந்த சின்ன லென்ஸை உருவி, போன் வெளிச்சத்தை அதன் பின்னாலிருந்து அடித்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவர்போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அடடா. நிறையவே இருக்கே."

"என்ன இருக்கு?"

"பூஞ்சைம்மா. பழைய ரொட்டி மேல படருமே, அதேதான். ஈரத்துல லென்ஸுக்குள்ள படர்ந்திருக்கு. நிலா மாதிரி வெளிச்சமா எதைப் பாத்தாலும் பக்கத்துல மேகம் மாதிரி தெரியும்."

அவளிடம் காட்டினார். கண்ணாடிக்குள் வெள்ளை நூல் நூலாக, ஓர் ஓரத்தில். பிய்த்து ஒட்டியதுபோல.

அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கீழே யாரோ ஐஸ் பெட்டியின் பிளக் சரியாக இல்லை என்று சத்தம் போட்டார்கள்.

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? பூஞ்சை இருக்கு, பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு அவரே சொன்னார். ரொம்ப வருஷமா இருக்காம். துடைச்சிருக்கலாமே சார்னு கேட்டேன். துடைச்சா வீட்டுல கோவிச்சுக்குவாங்கன்னார். எனக்கு ஒண்ணும் புரியலை."

"அப்புறம் எதுக்கு விக்கணுமாம்?"

"இனிமே படி ஏற முடியாதுன்னார். சும்மா கிடந்தா முழுக்கப் படர்ந்துடும், யாராவது பாத்துக்கட்டுமேன்னார்."

அவள் முந்தானையால் முக்காலியின் தூசியைத் துடைத்தாள். தான் உட்கார்ந்திருந்த இடம் போக மிச்சத்தை.

"நான் வாங்கினா முதல்ல இதைத்தான் துடைப்பேன். ஆனா இத்தனை நாள்ல கண்ணாடியையே அரிச்சிருக்கும். துடைச்சாலும் தழும்பு நிக்கும். சொத்தைப் பல் மாதிரிதாம்மா. வாங்கலாமா வேண்டாமான்னு யோசனையா இருக்கு."

"சொத்தைன்னு தெரிஞ்சே யாராவது வாங்குவாங்களா? வேண்டாம், விட்டுடுங்க."

பல் டாக்டருக்கு நிம்மதியாக இருந்தது. லென்ஸைப் பழையபடி பொருத்தினார். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் தொழில் பழக்கத்தில், முன்பக்க மூடியையும் அழுத்தி மாட்டினார்.

"இதெல்லாம் கீழே யார்கிட்டயும்..."

"நான் எதுக்கும்மா சொல்றேன்?"

அதற்குள் மகனே ஒரு கூட்டத்தோடு மேலே வந்துவிட்டான். அவன் விற்பனைப் பிரதிநிதிகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவன். நாலு பேர் சேர்ந்தால் அவனுக்கு அது மேடை.

"மத்தவங்க அப்பா வீடு, நிலம் வெச்சுட்டுப் போவாங்க. எங்கப்பா வானத்துல அம்மா பேரை வெச்சுட்டுப் போயிருக்கார்! அம்மா, வெளியே நிலா வந்திருக்கு பாரு, பகல்லயே. வண்டி வரதுக்குள்ள நீ ஒரு தடவை பாத்துடும்மா." போனைப் படம் பிடிக்கத் தோதாக உயர்த்திக்கொண்டான்.

"அண்ணி இதுவரைக்கும் பாத்ததே இல்லை. தலைவருக்கு அது ஒரு குறை" என்றார் முன்னாள் செயலாளர்.

ஜன்னலுக்கு வெளியே நிலா, சுண்ணாம்பு அடித்து அரைகுறையாக விட்டதுபோல் நின்றது. மகன் குழாயை அதன் பக்கமாகத் திருப்பினான். அவள் முட்டியைப் பிடித்தபடி எழுந்து வந்து, குனிந்து, கண்ணை வைத்தாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. கொழுந்தனார் ஒருமுறை இருமினார். கூட்டத்தில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது."

"எப்படிம்மா இருக்கு?"

"அப்பா சொன்ன மாதிரியேதான் இருக்கு."

பல் டாக்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

முன்பக்க மூடி மாட்டியபடியே இருந்தது.