சத்தமில்லாமல் ஓடும் லிஃப்ட்

லிஃப்ட்டுக்குள் தம்பியின் உடலைப் படுக்கவைக்க இடம் போதவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளியவனை, அவன் எண்ணெய் போட்டு வளர்த்த லிஃப்ட்டைத் தாண்டிப் படிக்கட்டு வழியாகத் தூக்கிப் போனார்கள்.

அக்காவுக்கு முட்டி வலி. தம்பி மகள் கைத்தாங்கலாக அவளை லிஃப்ட்டில் ஏற்றினாள். சித்தப்பாவும் பின்னாலேயே நுழைந்தார்.

"குச்சி மாதிரி இருந்தான். உடம்புல பொட்டுக் கொழுப்பு கிடையாது. அவனுக்கா நெஞ்சு அடைக்கும்?" என்றவர், அக்காவின் பருத்த உடம்பை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து எல்லோரும் பார்க்கிற பார்வைதான். போக வேண்டியவள் நிற்கிறாளே என்கிற பார்வை.

"நீங்கதானே கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்க, சித்தப்பா?" என்றாள் அக்கா.

"ரத்தத்துல எல்லாம் சரியாயிடுச்சுன்னு அவன்தாம்மா ரிப்போர்ட்டைக் காட்டினான். அப்புறம் எதுக்கு அந்த விஷம்?"

இடுப்பில் தொங்கும் கொழுப்பு வேறு, ரத்தத்தில் ஓடும் கொழுப்பு வேறு. ரத்தத்தில் மிஞ்சுவதைக் கல்லீரல் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவிடமிருந்து அக்கா, தம்பி இருவருக்குமே வந்தது மந்தமான கல்லீரல். இழுக்காமல் விட்டது இதயக் குழாயின் சுவருக்குள் புகுந்து, கூழ்போலத் தேங்கும். என்றைக்காவது அதன் மேல்தோல் கிழியும். காயமென்று நினைத்து ரத்தம் அங்கே உறையும், வழி அடைபடும். ஆள் ஒல்லியா குண்டா என்று அது பார்ப்பதில்லை. இதையெல்லாம் அக்கா சொன்னபோது, "எனக்கு வாயில மட்டும்தான்க்கா கொழுப்பு" என்று சிரித்தான் தம்பி.

"மாத்திரை போட்டதாலதான் சரியா இருந்துச்சு!" அவள் குரல் தகரச் சுவரில் மோதியது. "சத்தமில்லாம ஓடுதேன்னு இந்த லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடறதை நிறுத்தினானா? நெஞ்சுக்கு மட்டும் நிறுத்திட்டான், முட்டாப்பய! அதுக்கு நீங்க ஒரு ஜால்ரா!"

"புள்ள முன்னாடி பேசற பேச்சா இது?"

"புள்ளைக்காகத்தான் பேசறேன். இவளும் குச்சிதான். இவ உடம்புல ஓடறதும் அவன் ரத்தம்தான். நாளைக்கே கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்க்கப்போறேன்."

"கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணும்மா. சீக்குக்காரின்னு பேரு கட்டிவிடாத. நான் இருக்கிறவரைக்கும் அது நடக்காது."

தம்பி மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். இறங்குவதே தெரியாமல் இறங்கி நின்றது லிஃப்ட்.

கதவு திறந்தது. கடைசி வளைவில் படி இறங்குகிறவர்களின் மூச்சிரைப்பு கேட்டது. தம்பி மகள் முதலில் வெளியே வந்து, கதவு மூடிக்கொள்ளாதபடி உள்ளங்கையால் தடுத்துப் பிடித்தாள். அத்தை ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வெளியே வரும்வரை காத்திருந்தாள்.

"அத்தை, நாளைக்கு வெறும் வயித்தோடதானே வரணும்?"

அக்கா தலையாட்டினாள்.

சித்தப்பா இன்னும் உள்ளேதான் இருந்தார். தம்பி மகள் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.