காந்தா கொடுத்த அமாவாசை

அஷ்டமியில் எவனாவது மீன் பிடிக்கப் போவானா? காந்தாவின் சந்தேகம் அங்கேதான் பிடித்துக்கொண்டது.

பழவேற்காட்டுக் காயலில் பிழைக்கிறவர்களுக்கு நிலாதான் முதலாளி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முகத்துவாரத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். இறால் அந்த இழுப்போடு வந்து வலையில் விழும். நடுவில் வரும் அஷ்டமி நவமியில் தண்ணீர் காய்ச்சல்காரன் மாதிரி சுருண்டு படுத்துவிடும். அன்றைக்கு வலை கட்டினால் பாசி வரும். அதனால் ஆண்கள் வலையில் பொத்தல் தைப்பார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள்.

உலகநாதன் அன்றைக்குத்தான் முகம் மழித்துக்கொண்டான். துவைத்த சட்டை போட்டான். தூண்டிலை வண்டியில் கட்டிக்கொண்டு சுண்ணாம்புக்குளத்து நல்ல தண்ணீர் ஏரிக்குப் போனான். தை பிறந்ததிலிருந்து இப்படித்தான். அஷ்டமிக்கு அஷ்டமி. வேறு நாளில் போகச் சொன்னாலும் போகமாட்டான்.

மாலையில் விராலோ கெளுத்தியோ கொண்டுவருவான். சில நாள் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத நாளிலும் முகம் நன்றாகவே இருக்கும். காந்தாவுக்கு அதுதான் தாங்கவில்லை. காயலில் வெறும் வலையை இழுத்த அன்று வாசலில் கிடக்கும் சட்டியை உதைக்கிறவன், வெறும் தூண்டிலோடு வந்து சீட்டியடித்துக்கொண்டு கால் கழுவினான்.

ஏரி மீனில் சேற்று வாடை என்று சொல்லி அவள் குழம்பில் புளியை அள்ளிக் கரைத்தாள். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். அவள் வைத்த எந்த இறால் தொக்குக்கும் அவன் தட்டை வழித்ததில்லை.

பெயர் குப்பம்மாவின் வாயிலிருந்து வந்தது. மார்க்கெட்டில் காந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு விற்கிறவள் அவள். சுண்ணாம்புக்குளத்து ஏரிக்கரையில் உலகநாதனின் வண்டி நின்றதைப் பார்த்தாளாம். அதே கரையில் செவ்வந்தி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாளாம். சொல்லிவிட்டு நண்டின் காலை ஒடிப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

செவ்வந்தி உலகநாதனின் தாய்மாமன் மகள். முறைப்பெண். அவளுக்குத்தான் அவன் என்று இரண்டு வீட்டிலும் பேச்சிருந்தது. அவன் ஒற்றைக்காலில் நின்று காந்தாவைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெருமையில் காந்தா செவ்வந்தியை மறந்தே போயிருந்தாள். செவ்வந்தியை அவள் ஊரான சுண்ணாம்புக்குளத்திலேயே கொடுத்தார்கள். அவள் புருஷனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவன்.

இப்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மீன் மாட்டாத நாளில் ஒருவன் மீனுக்குப் போகிறான் என்றால் மீனுக்குப் போகவில்லை; கொண்டுவருகிற மீன் எங்கேயோ வாங்கியது. இதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் வேண்டுமா? நிலாவே சாட்சி சொல்கிறது.

ஜாடையாகக் கேட்டும் பார்த்தாள்.

“அஷ்டமியில இன்னாய்யா மாட்டும்?”

“மாட்றது மாட்டும்மே” என்றான் அவன், தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டே.

முள்ளைத் தீட்டுகிற விரல்களைப் பார்த்தாள். அவ்வளவு பதமாக அந்த விரல்கள் இந்த வீட்டில் எதையும் தொட்டு நாளாகியிருந்தது.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் இல்லையென்று சத்தியம் செய்வான். சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனை அந்தக் கரைக்குப் போகவிடாமல் கட்டிப்போட வேண்டும். அவனைக் கட்டிப்போடக்கூடிய ஒன்று ஊரில் இருந்தது.

காயலில் இறால் நன்றாக விழும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பிடிக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று பொன்னியம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வார்கள். முறை வந்தவன் வலை கட்டியே ஆகவேண்டும். கட்டாமல் விட்டால் அடுத்த குலுக்கலில் அவன் பேர் இருக்காது. ஒருவருக்கொருவர் ஒத்துக்கொண்டால் முறையை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வருஷம் மாசி அமாவாசை, அதுவும் முகத்துவாரத்தை ஒட்டிய முதல் இடம், உலகநாதனுக்கு விழுந்திருந்தது. மழைத் தண்ணீர் வடிந்து, காயல் முழுவதும் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்புகிற சமயம். வருஷத்தில் அதைவிட நல்ல பாடு கிடையாது. அதே இடத்தில் அடுத்து வரும் அஷ்டமி, அவன் சித்தப்பா மகன் விமலுக்கு. அது செத்த பாடு. சீட்டைப் பிரித்துப் பார்த்த விமல் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி அர்ச்சனா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

காந்தா விமலின் வீட்டுக்குப் போனாள். அண்ணனுக்கு அமாவாசையன்று வேறு சோலி இருக்கிறது, முறையை மாற்றிக்கொள்ளச் சொன்னார் என்றாள். குரல் சாதாரணமாகவே இருந்தது.

விமல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “மெய்யாலுமா அண்ணி?” என்று கேட்டான். அவள் ஆமாம் என்றதும் சட்டையைக்கூடப் போடாமல் ஊர்ப் பெரியவர் குப்பனிடம் சொல்லிவைக்க ஓடினான். அவர்கள் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற ஓட்டம்.

விஷயம் உலகநாதனுக்குப் படகுத்துறையில் தெரிந்தது. நாலு பேர் சூழ்ந்துகொண்டு, அமாவாசையைக் கொடுத்துவிட்டு அஷ்டமியை வாங்கியிருக்கிறாயே, வெயிலில் மூளை உருகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டி முடித்திருக்கிறான். பிறகு, ஆமாம், நான்தான் சொல்லியனுப்பினேன் என்றிருக்கிறான். இதையும் குப்பம்மாதான் வந்து சொன்னாள்.

காந்தா வீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவன் கத்தினால் என்ன சொல்ல வேண்டும், கையை ஓங்கினால் என்ன சொல்ல வேண்டும் எல்லாம் யோசித்துவைத்திருந்தாள். அவன் வந்து தண்ணீர் கேட்டான். குடித்தான். அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாயை விரித்துப் படுத்தான்.

ஒரு வார்த்தை இல்லை. வருஷத்தின் அமாவாசையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஊருக்கு முன்னால் அவளை விட்டும் கொடுக்கவில்லை. மடியில் கனமில்லாதவன் இப்படிப் பொறுத்துப் போவானா? அவள் சந்தேகத்துக்கு இருந்த ஒரே ஓட்டையையும் அவனுடைய பொறுமை அடைத்துவிட்டது.

அமாவாசைக்கு மறுநாள் காலை விமலின் இறால் மார்க்கெட்டுக்குக் கூடை கூடையாக வந்து இறங்கியது. வெள்ளை இறால், ஒவ்வொன்றும் கைவிரல் நீளம். அர்ச்சனா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பிரித்துப் போட்டாள். காந்தாவிடம் வந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்து, உங்க தயவுதான் அண்ணி என்றாள். காந்தா அந்த இறாலைக் குப்பம்மாவின் கூடையில் போட்டாள். எரிந்தது. ஆனாலும் அது தாங்கக்கூடிய எரிச்சல். அஷ்டமி வரட்டும் என்று காத்திருந்தாள்.

அஷ்டமி வந்தது. உலகநாதன் முகம் மழிக்கவில்லை. கிழிந்த பனியனோடு வலையைப் படகில் ஏற்றிக்கொண்டு, ஓடாத தண்ணீரில் வலைக்குக் கழி ஊன்றப் போனான். அவன் படகு மணல்திட்டைத் தாண்டியதும் காந்தா நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டினாள். ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

ஏரி அவள் நினைத்ததைவிடச் சின்னது. ஓரத்தில் கோரை, நடுவில் ஆகாயம். கரையில் ஆடுகள் மேய்ந்தன. செவ்வந்தி ஒரு கிளையை வளைத்து ஆட்டுக்கு இலை உருவிக்கொண்டிருந்தாள். பருத்திருந்தாள். முன்பல் ஒன்று போயிருந்தது. காந்தாவுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது; அடுத்த கணம், இவளைப் பார்க்கத்தானா என்று இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

செவ்வந்தி அடையாளம் கண்டுகொண்டாள். “வாக்கா. இன்னா, மாமா வர்ல? அஷ்டமியாச்சே இன்னைக்கு.”

அஷ்டமிக்கு அஷ்டமி வருவதை இவளும் கணக்கு வைத்திருக்கிறாள்.

“அவரு ஒன்னப் பாக்கத்தான் வராரா?” காந்தா சுற்றி வளைக்கவில்லை.

செவ்வந்தி கிளையை விட்டுவிட்டாள். முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் போன பல் தெரியச் சிரித்தாள். அவர் இந்த ஆடுகளையே விரட்டுகிற ஆள் என்றாள். ஆடு தண்ணீருக்கு வந்தால் மீன் கலையும் என்று கல்லை எடுப்பாராம். வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாராம். ஒரே ஒரு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தாராம், அதுவும் நின்றுகொண்டே.

“அஷ்டமியில எந்த மீன் வந்து மாட்டுது? எனக்கே கத சொல்றியா?”

“ஏரித் தண்ணிக்கு ஏத்தம் எறக்கம் ஏதுக்கா? அது ஒங்க முகத்துவாரத்துக்கு” என்றாள் செவ்வந்தி. “நெலா பெருசா இருந்தா மீனு ராவெல்லாம் மேஞ்சிட்டு பகல்ல வாயத் தொறக்காதாம். பாதி நெலாவுலதான் பகல்ல பசிக்குமாம். மேகம் போட்டு, காத்து அடங்கிக் கீற நாளா இருந்தா இன்னும் நல்லாக் கடிக்குமாம். சித்திர வந்து தண்ணி கொறைஞ்சா நாளே பாக்க வேணாம்னு மாமா சொல்வாரு.”

காந்தா தண்ணீரைப் பார்த்தாள். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறந்ததிலிருந்து காயல் தண்ணீரையே பார்த்தவளுக்கு, நிற்கிற தண்ணீருக்கு வேறு நிலா என்று தோன்றவே இல்லை. வருஷத்தின் அமாவாசை போய்விட்டது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமா சொல்வாரு என்கிற சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. இவ்வளவையும் உட்கார்ந்து இவளிடம் சொல்லியிருக்கிறான். தன்னிடம், மாட்றது மாட்டும்.

எந்த இடத்தில் உட்காருவார் என்று கேட்டாள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை செவ்வந்தி காட்டினாள். கல்லைச் சுற்றித் துண்டு பீடிகள் கிடந்தன. நெஞ்சில் சளி கட்டியதால் போன வருஷமே பீடியை விட்டுவிட்டதாக அவன் காந்தாவின் தலையில் அடித்துச் சொல்லியிருந்தான். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள். புதுசுதான்.

அவள் வீடு திரும்பியபோது உலகநாதன் வலையிலிருந்து பாசியை உரித்துக்கொண்டிருந்தான். எங்கே போனாய் என்று கேட்டான். சுண்ணாம்புக்குளம் என்றாள். அவன் கை நின்றது. அவள் புடவையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். ஒவ்வொன்றாகப் போய் அவனுக்கு உறைப்பது தெரிந்தது.

“அமாவாசய இதுக்கா குடுத்த?”

கோபம் இருக்கிறதா என்று அந்தக் குரலில் தேடினாள். இருந்தது. அதற்குக் கீழே, இவ்வளவு பெரிய பொருளைத் தனக்காக ஒருத்தி தூக்கி எறிந்திருக்கிறாளே என்கிற மலைப்பும் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவள் கேட்க வந்தது வேறு.

“நெலாக் கதையெல்லாம் அவகிட்ட சொல்லுவ. எங்கிட்ட சொல்ல மாட்ட.”

“அவ கேட்டா. நீ எப்ப கேட்ட?”

கேட்டேனே என்று சொல்ல வாயெடுத்தாள். அஷ்டமியில என்ன மாட்டும் என்று கேட்டது மீனைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அதற்குப் பதில், அடுத்த அஷ்டமிக்கு நானும் வருவேன் என்றாள்.

அவன் வெகுநேரம் பாசியை உரித்தான். “வந்தா பேசக் கூடாதுமே” என்றான். “நான் அங்க போறதே அதுக்குத்தான். கரையில கத்துறாங்க, மார்க்கெட்ல கத்துறாங்க, வூட்ல நீ. அங்க ஒருத்தரும் பேச மாட்டாங்க.”

பேசமாட்டேன் என்றாள்.

தேய்பிறை அஷ்டமிக்கு இருவரும் போனார்கள். மேகம் போட்டிருந்தது, காற்றில்லை. அவன் தேர்ந்தெடுத்தது போலவே நாள் வாய்த்தது. கல்லில் அவன் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். அவன் தவளைக்குஞ்சை முள்ளில் கோத்துக் கோரை ஓரமாகப் போட்டான். பீடியை அவள் எதிரிலேயே பற்றவைத்தான். செவ்வந்தி தூரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அவன் திரும்பவில்லை. காந்தா அவன் திரும்புகிறானா என்று பார்த்தாள், உண்மையாகவே திரும்பவில்லை.

அவள் பக்கமும் திரும்பவில்லை. காலை முழுவதும் அவன் தண்ணீரில் மிதந்த தூண்டில் தக்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். நெற்றிக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அவள் பேசாமல் இருந்ததை அவன் கவனிக்கவே இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

தக்கை நடுங்கியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். பீடி விரலிலேயே எரிந்தது. தக்கை ஒருமுறை அமுங்கி எழுந்தது. பெரிய விரால். இன்னொரு இழுப்பு, மாட்டிவிடும். அது அவளுக்கும் தெரிந்தது.

“வூட்டுக்குப் போலாமா?” என்றாள் காந்தா, நன்றாக உரக்க.

கோரையோரம் தண்ணீர் சுழித்தது. தக்கை மேலே வந்து அசையாமல் நின்றது.

உலகநாதன் தூண்டிலைக் கீழே வைத்தான். தண்ணீரை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.