கடலோடு போன வீடு

எர்மிந்தா அன்றைக்கு சூப்பைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்திருந்தால், மார்ச் மாதத்திலேயே கல்யாணம் முடிந்திருக்கும்.

லின்காய் தீவில் எலிசேயோவின் வீட்டுக்கு அவள் போனது அதுவே முதல் தடவை. அவனை வளர்த்த ருதெசிந்தா அத்தை மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, வரப்போகிற பெண் ரொட்டியை எப்படிப் பிய்க்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எர்மிந்தாவின் கண் கதவுக்கு மேலே போயிற்று. நிலைக்கட்டையில் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருந்தது. ஐந்து முனையில் ஒன்று மட்டும் குட்டை.

"எங்க தாத்தா பொறந்த வீட்டுலயும் இதே மாதிரி ஒரு நட்சத்திரம் இருந்துச்சாம்," என்றாள் சந்தோஷமாக. "ஒரு முனை குட்டையா. செதுக்கினவரு குடிச்சிருந்தாராம்."

"உங்க தாத்தா பேரு என்ன?"

"நிக்கனோர் மன்சியா."

அத்தை கரண்டியை வைத்துவிட்டாள். அவளுடைய அப்பா, அதாவது எலிசேயோவின் தாத்தா, அவர் பெயரும் நிக்கனோர் மன்சியா. அவர் பிறந்தது இதே வீட்டில். பிறந்த நாளைக் கேட்டாள். ஜனவரி பத்து என்றாள் எர்மிந்தா. அதுவும் ஒன்றாக இருந்தது.

மன்சியா என்கிற குடும்பப் பெயர் அந்தத் தீவுகளில் கடற்காக்கையைப் போல. எங்கே கல்லெறிந்தாலும் ஒருவர் மேல் விழும். எலிசேயோவும் மன்சியா, எர்மிந்தாவும் மன்சியா. பிறக்கிற பிள்ளைக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மன்சியா மன்சியா என்று வரும், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது வாத்தியாருக்குத் திக்குவாய் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று இருவரும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள். இப்போது அந்தப் பெயர் சிரிப்பாக இல்லை.

அத்தை ஒரு வாரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுடைய அப்பா கோடைதோறும் செம்மறி ஆட்டுக்கு முடி வெட்ட தெற்கே பதகோனியாவுக்குப் போனவர். எல்லோரும் திரும்பிய பிறகு கடைசிப் படகில்தான் வருவார். ஏன் கடைசி? நேர் எதிரே, ஒரு கால்வாய் தள்ளி இருக்கிற பால்கே தீவில் இன்னொரு குடும்பம் வைத்திருந்ததால். எர்மிந்தா பால்கேக்காரி. கணக்கு சரியாக வந்தது. அத்தை எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைத் திருப்பி முகம் சுவரைப் பார்க்க வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை," என்றாள். "இந்தக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். வந்தாலும் கை நனைக்கமாட்டேன்."

இரண்டாவது சொன்னதுதான் நிஜமான மிரட்டல் என்று எலிசேயோ எர்மிந்தாவைப் படகில் ஏற்றிவிடும்போது சொன்னான். அத்தையை மீறிக் கல்யாணம் செய்துகொள்ள அவனால் முடியும். ஆனால் அவள் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்க, இந்தப்பக்கம் இவன் ஆடிப் பாடுவது முடியாது. எர்மிந்தாவுக்கு வேறு கவலை. அத்தை சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? அன்றிலிருந்து அவன் கன்னத்தில்கூட முத்தம் கொடுக்கவில்லை. கை குலுக்கினாள். அவள் சிப்பி கழுவும் கொட்டகையில் வேலை செய்கிற பெண்களுக்கு அது போதும். அவன் படகு தெரிந்தவுடன், "ஏய், உங்க அண்ணன் வர்றாரு, எந்திரிச்சு நில்லுடி," என்பார்கள்.

தாத்தாவைக் கேட்கலாம் என்றால் அவர் எர்மிந்தா பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்; அத்தை வீட்டுப் படத்தோடு ஒப்பிட அவர் படம் ஒன்றும் கிடையாது. உயிரோடு இருந்திருந்தாலும் அவருக்கே தெரிந்திருக்காது. சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போய்விட, ஞானத்தாய் க்ளோரிந்தா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்த்தாள். பெற்றவர்களின் பெயர்கூட அவருக்கு நிற்கவில்லை. வாலிபமான பிறகு எழுதி வாங்கிய அரசாங்கச் சான்றிதழில் அந்த இடம் காலியாகவே இருந்தது. நினைவில் இருந்தது நட்சத்திரம் ஒன்றுதான். அந்த வீடு என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் ஒரே பதில் சொல்வார்: "வீடு கடலோட போயிடுச்சு." ஏதோ பேரலை வந்து அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று குடும்பத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள்.

"எந்தக் கடலோட போச்சு?" என்றாள் அத்தை இதைக் கேட்டு. "இதோ நிக்குதே. உங்க தாத்தாவும் எங்கப்பனும் ஒரே ஆளு, பொய்யும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்காரு."

ஆகவே எர்மிந்தா லின்காய் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடக் கிளம்பினாள். கோயில்பிள்ளை ஓனோஃப்ரே சாவியைக் கொண்டுவந்தார், அத்தையும் கூடவே வந்து பெஞ்சில் இடம் பிடித்தாள். அந்தக் காலத்தில் சாமியார் வருடத்துக்கு ஒருமுறை படகில் வருவார். அதுவரைக்கும் குழந்தை தாங்காது என்று கோயில்பிள்ளையே தலையில் தண்ணீர் ஊற்றிவிடுவார். பிறகு சாமியார் வந்து எண்ணெய் பூசி, மொத்தமாக எழுதிவைப்பார். அதனால் ஜனவரியில் பிறந்தவனை ஜனவரியில் தேடிப் பிரயோஜனமில்லை, சாமியார் என்றைக்கு வந்தாரோ அன்றைக்குத்தான் தேட வேண்டும் என்று ஓனோஃப்ரே சொல்லிக்கொடுத்தார்.

அத்தையின் அப்பா உடனே கிடைத்தார். நிக்கனோர், அச்சாவோ என்ற ஊரிலிருந்து வந்து குடியேறிய அன்செல்மோ மன்சியாவுக்கும் பஸ்குவாலாவுக்கும் மகன். முன்னே புரட்டினார்கள், பின்னே புரட்டினார்கள். வேறு நிக்கனோர் இல்லை. அந்த வீட்டில் பிறந்தவர் ஒரே ஆள்.

"நான் சொல்லல?" என்றாள் அத்தை. ஜெயித்தவள் குரல் போல அது இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை லின்காயில் ஒரு மர வீட்டைப் பிரிக்காமல் அப்படியே முழுதாக இடம் மாற்றினார்கள். கல்யாணத்துக்குக் கூடுகிற மாதிரி அக்கம்பக்கத் தீவெல்லாம் கூடியது. பால்கே பெண்களோடு எர்மிந்தாவும் வந்திருந்தாள், முகத்தில் களையில்லாமல். வீட்டை அடியில் உருளைக்கட்டை கொடுத்துத் தூக்கி, மாடுகள் பூட்டி, கயிறு பிடித்து, கத்திக் கத்தி, சகதியில் வழுக்கி, கரைவரைக்கும் இழுத்தாயிற்று. அலை ஏறியதும் வீடு மெல்லத் தண்ணீரில் மிதந்தது. படகுகள் கயிற்றை வாங்கிக்கொண்டன. எல்லோரும் ஆப்பிள் கள்ளைக் கையில் எடுத்தார்கள்.

அந்த வீட்டுக்காரி எர்மிந்தாவுக்குப் பக்கத்தில் நின்று தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. 

"ஆமாக்கா. வீடு கடலோட போயிடுச்சு. இப்பதான்."

எர்மிந்தா குடிக்கப்போன கள்ளைக் கீழே வைத்தாள். அவள் இன்னொருமுறை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பேரலை இல்லை, அழிவு இல்லை. வீடு பாட்டுக்கு ஜன்னல் திரைச்சீலையோடு கடலில் போய்க்கொண்டிருந்தது.

எலிசேயோ மாட்டுப்பக்கம் நின்றிருந்தான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறி ஓடினாள். என்ன ஏது என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுக்கு அடியில பூந்து பாரு," என்றாள்.

குட்டைக் கட்டைகள்மேல் நின்ற அந்த வீட்டுக்கு அடியில் கோழிகள் இருந்தன. எலிசேயோ குப்புறப் படுத்து உள்ளே ஊர்ந்தான். ஒரே கூச்சல், இறகுமழை. அத்தை ஜன்னலைத் திறந்தாள்.

"என் கோழிங்ககிட்ட உனக்கென்னடா பேச்சு?"

"அத்தை, அடி உத்தரத்துல ஓட்டை இருக்கு. கயிறு மாட்டற ஓட்டை. கயிறு அறுத்த தடம்கூட இருக்கு. இந்த வீட்டை இழுத்திருக்காங்க."

"எங்கப்பனைப் பெத்த பஸ்குவாலா ஆத்தா ஒண்ணு சொல்லுவா," என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல். "நானும் வீடும் ஒரே அலையில வந்தோம்னு. கல்யாணம் ஆகி வந்ததைத்தான் அப்படிப் பெருமையா சொல்றான்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை மூவருமாகப் பால்கேயின் பங்குக் கோயிலுக்குப் போனார்கள். இங்கே யாரும் தேடியிருக்கவில்லை. நட்சத்திர வீடு லின்காயில் நிற்கும்போது பால்கேயில் எதற்குத் தேட வேண்டும்? சாமியார் அந்த வருடங்களில் அக்டோபரில் வந்திருக்கிறார். எர்மிந்தா அக்டோபர்களாகப் பார்த்துக்கொண்டே போனாள். அத்தையின் அப்பா பிறப்பதற்கு வெகு வருடங்களுக்கு முன்னால், நீல மை வெளிறிப்போன ஒரு பக்கத்தில், விரல் நின்றது. சத்தமாகப் படித்தாள்.

நிக்கனோர், கடந்த ஜனவரி பத்து, புனித நிக்கனோர் திருநாளன்று பிறந்தவன். அன்குத் என்ற ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறிய பெத்ரோ மன்சியாவுக்கும் தோமித்தில்யா வேராவுக்கும் மகன். கோயில்பிள்ளை தண்ணீர் ஊற்றினார். நான் எண்ணெய் பூசினேன். ஞானத்தாய் க்ளோரிந்தா.

"அப்ப பேரும் தேதியும் ஒண்ணா இருந்தது..." என்று ஆரம்பித்தான் எலிசேயோ.

"காலண்டர்ல அன்னிக்கு யாரு திருநாளோ அவங்க பேருதானேடா வைப்பாங்க," என்றாள் அத்தை. "நான் ருதெசிந்தா ஆனது எப்படின்னு நெனச்சே? ஆசைப்பட்டா வச்சாங்க?"

எர்மிந்தா அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. பெத்ரோ, தோமித்தில்யா என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்குக் கிடைக்காத இரண்டு பெயர்கள். பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டை க்ளோரிந்தா விற்றிருக்க வேண்டும். லின்காய் அன்செல்மோ வாங்கி, புதுப் பெண்ணோடு சேர்த்து ஒரே அலையில் கொண்டுபோயிருக்க வேண்டும். கரையில் நின்று பார்த்த சின்னப் பையன் பார்த்ததைத்தான் கடைசிவரை சொன்னான். யாரும்தான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதற்கு மேல் சிரிப்பு வந்தது. கோயில் என்றும் பாராமல் எலிசேயோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கை குலுக்கிக் கழித்த வாரங்களுக்கெல்லாம் சேர்த்து முத்தம் கொடுத்தாள்.

வீடு திரும்பியதும் அத்தை முதல் வேலையாகப் படத்தைத் திருப்பி மாட்டினாள். 

"மன்னிச்சுக்கோப்பா," என்றாள். "ஆனா கடைசிப் படகுல வந்தது என்னவோ உண்மைதான்."

பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மாதே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிக்கோங்க. நல்லா இருங்க. இவனும் அக்கரைக்குப் போயிருவான், உன் சிப்பிக் கொட்டகை அங்கதானே இருக்கு. எனக்கென்ன. காலையில அடுப்பு மூட்டத்தான் ஆள் இருக்காது."

அண்ணன் தங்கச்சி முறை, ஆட்டு முடி, கடைசிப் படகு, இத்தனை நாள் பேச்சுக்கும் அடியில் இருந்தது இந்த அடுப்புதான் என்று எர்மிந்தாவுக்கு அப்போது விளங்கியது. அவள் கதவுக்கு மேலே நட்சத்திரத்தைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்குத்தான் அக்கரைக்குப் போற வழி தெரியுமே அத்தை," என்றாள்.

வீடு இழுக்க ஆள் வேண்டுமென்றால், வேண்டுகிறவர்தான் வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும். சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. வாழ்நாளில் யாரிடமும் உப்புகூடக் கேட்காத ருதெசிந்தா, தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு தீவையும் சுற்றினாள். எத்தனையோ வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் மட்டும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். அவர் முதல் வார்த்தையிலேயே சரி என்றுவிட்டாராம். அவள்தான் சண்டையின் பாக்கியைப் பேசி முடித்துவிட்டு எழுந்தாள்.

அந்த நாள் வந்தபோது பால்கே கரையில் குழி தோண்டி, கல்லைக் காய்ச்சி, சிப்பியும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி, பெரிய பெரிய இலையால் மூடி வைத்திருந்தார்கள். மூடியிருந்தும் வாசனை கடல்வரை போயிற்று. எர்மிந்தா வெள்ளைக் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். கால்வாயின் நடுவில் வீடு வந்துகொண்டிருந்தது. முன்னால் போகிற படகில் எலிசேயோ நின்று கை ஆட்டினான். 

வீட்டின் புகைக்குழாயிலிருந்து புகை வந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டதாகத்தான் படகுக்காரர்கள் நினைத்திருந்தார்கள். ஜன்னலில் அத்தை மாதேயை உறிஞ்சியபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பாவின் படம், முகம் வெளியே பார்க்க. அடுப்பை அவளே மூட்டியிருந்தாள்.

கொட்டகைப் பெண்கள் கையை வாயில் குவித்துக் கத்தினார்கள்.

"ஏ எர்மிந்தா, உங்க அண்ணன் வீட்டையே கொண்டுவந்துட்டாரு!"

ஜன்னல் படாரென்று திறந்தது.

"அண்ணன் இல்லடி, மாப்பிள்ளை!" என்றாள் ருதெசிந்தா. "குழியை யாரும் தொறக்காதீங்க. நான் வந்து முதல்ல சாப்பிடணும்."