மிச்சம் இருந்த தண்ணி

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். லேப்ல எல்லாருக்கும் தெரியும், வீட்ல இன்னும் நல்லாத் தெரியும். ஆனா இந்த ஒன்பது நாளா யார் மேல கோவப்படுறதுன்னே தெரியாம நான் பட்ட பாடு இருக்கே, அதை எங்க போய்ச் சொல்ல?

என் தங்கச்சி ஸ்கூல் வேன் ஓட்டுறவ. முப்பத்தாறு பிள்ளைங்க. யாரு எந்த முக்குல ஏறுவாங்க, யாருக்கு வளைவுல வாந்தி வரும், எல்லாம் அத்துப்படி. ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி ஒரு வைரஸ் அவ மூளைக்குள்ள புகுந்துச்சு. வாயோரம் கொப்புளம் போடுமே, அதே சாதாரண வைரஸ்தான். மூணு வாரம் மருந்து ஏத்தி, பொழைச்சு, வீட்டுக்கு வந்து, சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா. நாங்களும் அப்பாடான்னு இருந்தோம்.

பத்து நாள்கூட ஆகல. ஒரு காலையில என்னைப் பாத்து, "யாரு நீ? எங்க அக்கா மாதிரியே உடுத்திக்கிட்டு வந்திருக்கே"ன்னா. விளையாடுறான்னு நினைச்சேன். விளையாட்டு இல்ல. தூக்கம் போச்சு, ஞாபகம் போச்சு, வாய் மட்டும் எதையோ மென்னுக்கிட்டே இருந்துச்சு.

வைரஸ் திரும்பி வந்திருக்கும்னு மறுபடி அட்மிட் பண்ணாங்க. செவ்வாய்க்கிழமை முதுகுத்தண்டுல ஊசி குத்தித் தண்ணி எடுத்தாங்க, நாலு பேர் பிடிச்சும் அடங்கல. அந்தத் தண்ணி எங்க லேபுக்குத்தான் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டடம். மறுநாளே ரிசல்ட்: வைரஸ் இல்ல. வைரஸ் இல்லேன்னா மனசுதான்னு ஒரு டாக்டர் சுலபமா எழுதிட்டுப் போயிட்டாரு. திங்கக்கிழமை மனநல வார்டுக்கு மாத்துறதா முடிவாச்சு. அவ வீட்டுக்காரர் எதுக்கும் தலையாட்டுற மனுஷன், இதுக்கும் ஆட்டினார்.

நான் விடல. வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு மூளை டாக்டரம்மா ரூம் வாசல்ல உக்காந்துட்டேன். அந்தம்மா பொறுமையாக் கேட்டாங்க. இப்படி ஆகுறது உண்டுன்னாங்க. வைரஸை விரட்டக் கிளம்பின எதிர்ப்பு சக்தி, வைரஸ் போனப்புறமும் வெறி அடங்காம சொந்த மூளையையே கடிக்குமாம், திருடனைத் துரத்தின நாய் திரும்பி வந்து வீட்டு ஆளைக் கடிக்கிற மாதிரி. அதை அடக்க மருந்து இருக்கு, சீக்கிரம் கொடுத்தா தேறி வர வாய்ப்பு அதிகம்னாங்க. ஆனா இப்பத்தான் வைரஸ் வந்து போன உடம்புல எதிர்ப்பு சக்தியை அடக்குறது கத்தி மேல நடக்குற வேலை. ஆதாரம் இல்லாம மத்த டாக்டருங்க ஒத்துக்க மாட்டாங்க. மூளையைக் கடிக்கிற அந்த எதிர்ப்புப் பொருளை ரத்தத்துல மட்டும் தேடினா தப்பிப் போகலாம், முதுகுத் தண்ணியிலதான் சரியாத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை எடுத்ததுல மிச்சம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்னு பெருமையாச் சொல்லிட்டு ஓடினேன். எங்க வழக்கம் அது. ஒண்ணும் இல்லைன்னு வந்த டியூபை வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் ஃப்ரீசர்ல வச்சிருந்து கழிச்சுடுவோம். டியூப் மேல பேர் கிடையாது, நம்பர் மட்டும்தான். முன்னாடி ஒருத்தர் தன் மச்சானோட டியூபை முந்தித் தள்ளினதுல வேற யாருக்கோ ரிசல்ட் லேட்டாச்சு. அன்னிலேர்ந்து பேரை மறைச்சுத்தான் வேலை பாக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னு சட்டம் போட்டவ நான்.

போய்ப் பாத்தா தட்டு காலி. ஃப்ரீசருக்குப் பொறுப்பு சோடாபுட்டி, அவர் கண்ணாடிக்கு நாங்க வச்ச பேர். அவரை நிக்க வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். கண்ணு தெரியலேன்னா வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கூடக் கேட்டேன். அவர் கழிவு ரெஜிஸ்டரை எடுத்து என் பக்கமாத் திருப்பி வச்சார். வியாழக்கிழமை சாயந்திரம், பதினாலு டியூப், கீழே என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை தங்கச்சி கூடவே இருக்கணும்னு, அந்த வார வேலையை ஒரு நாள் முன்னாடியே முடிச்சுட்டுப் போயிருக்கேன். நம்பரைச் சரிபாத்து, ஒவ்வொண்ணா, என் கையாலேயே. தூக்கமில்லாத தலையில அது நிக்கவே இல்ல. காலையில அந்தக் கழிவுப் பை கிருமி கொல்ற மெஷின்ல வெந்தும் போச்சு. சோடாபுட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தெரியும். வாய் வரல.

டாக்டரம்மா திட்டல, அதுதான் இன்னும் எரிச்சலா இருந்துச்சு. மறுபடி குத்தணும்னாங்க. மூச்சு சீரா இல்லாததால மயக்க மருந்து கொடுக்க பயம். பிடிச்சு அமுக்கிக் குத்துறது ஆபத்து. அவளா அசையாம படுத்தாத்தான் உண்டு. சாம்பிள் ஏத்திப் போற ஆறு மணி வண்டியைப் பிடிச்சா வெளி லேப்லேர்ந்து திங்கக்கிழமை காலையில பதில் வந்துடும்.

கெஞ்சினேன். கண்ணே மணியேன்னு கொஞ்சினேன். கட்டிலோட மூலையில ஒடுங்கிக்கிட்டு, கிட்ட வந்தா கடிப்பேன்னா. கடைசியில அவ காலடியில உக்காந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அந்தத் தண்ணியை நான்தான்டி தூக்கிப் போட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சுடு."

அவ என்னை ஏற இறங்கப் பாத்தா.

"நீ எங்க அக்கா இல்ல"ன்னா நிதானமா. "அவ செத்தாலும் தப்பை ஒத்துக்க மாட்டா."

மணி அஞ்சரை. நாப்பத்திரண்டு வருஷத்துல மொத தடவையா ஒரு மன்னிப்புக் கேட்டேன், அதுக்குக் கிடைச்ச மரியாதை இது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஆமாடி, எல்லாம் உன்னாலதான். உன் பக்கத்துல உக்காரணும்னு லீவு போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். ஒன்பது நாளா ஒரு வாய் சோறு ஒழுங்காத் தின்னுருப்பேனா? திரும்பிப் படுடி கழுதை."

டாக்டரம்மா திகைச்சு நின்னாங்க. எதுக்கும் தலையாட்டுற அவ வீட்டுக்காரர், என்னைப் பாத்து வேண்டாம்னு கைகாட்டினார்.

தங்கச்சி மென்னுக்கிட்டே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா. "எப்பக்கா வந்தே?"ன்னா. அப்புறம் முட்டியை வயித்தோட மடக்கிக்கிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தா.

டாக்டரம்மா சத்தம் போடாம கையுறையை மாட்டினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. ஆனா ஊசியை உருவி எடுக்குற வரைக்கும் நான் திட்டுறதை நிறுத்தல.